மேற்கத்திய ஊஞ்சலா, மேற்குப்புல ஸ்விங்கா?

அமெரிக்க இசைக்குழுத் தலைவர் பாப் வில்ஸைப் பற்றித் தமிழில் எழுதுவோர் அவரை ‘மேற்கத்திய ஊஞ்சல் இசையின் அரசர்’ என்று குறிப்பிடுவதை ஒருமுறை படித்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்தடுத்துப் படிக்க நேரும்போது மறுக்கத்தான் வேண்டியிருக்கிறது. நாட்டுப்புற இசையும் ஜாஸும் கலந்த டெக்சாஸ் நடன இசைக்குரிய ‘வெஸ்டர்ன் ஸ்விங்’ என்னும் பெயரை அகராதியில் தேடி, சொல்லுக்குச் சொல் நிரப்பியதன் விளைவு இது. இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே ஆயினும், சேர்ந்து நிற்கையில் உலகில் எங்கும் இல்லாத ஓர் இசையைக் குறிக்கின்றன.

‘ஸ்விங்’ என்பதன் வேர் பழைய ஆங்கிலத்தில் அடித்தலையும் சாட்டையால் விளாசுதலையும் குறித்தது; ஊசலாடும் பொருள் பிற்பாடு வந்தது. ஜாஸ் கலைஞர்கள் அச்சொல்லைத் தாளத்தின் ஓர் இயல்புக்குப் பெயராக்கினர். ஒரு தட்டை இரண்டாகப் பகுக்கும்போது இரு பகுதியும் சமமாக நில்லாமல், முதற்பகுதி நீண்டும் அடுத்தது குறுகியும் ஒலிப்பதே அந்த இயல்பு. ஒரு தட்டை மூன்றாகப் பகுக்கும் திச்ர நடையில் இரண்டும் ஒன்றுமாகப் பிரித்து வாசிப்பதை இதற்கு அருகில் வைக்கலாம். ஆனால் அந்த விகிதம் கணக்காக நிற்பதில்லை, காலப்பிரமாணம், அதாவது வேகம், ஏற ஏற மாறிக்கொண்டே இருக்கும்.

இதற்கும் ஊஞ்சலுக்கும் என்ன உறவு? ஊஞ்சல் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்று. ஸ்விங்கின் உயிரோ அந்தச் சமமின்மையில்தான் இருக்கிறது. அதைவிடப் பெரிய இடையூறு, ‘ஊஞ்சல் இசை’ என்னும் இடம் தமிழில் காலியாக இல்லை என்பது. சிலப்பதிகாரத்தில் ஊசல்வரி இருக்கிறது, திருவாசகத்தில் திருப்பொன்னூசல் இருக்கிறது, பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமே ஊசல்தான். இன்றும் திருமண வீடுகளில் மணமக்களை ஊஞ்சலில் அமர்த்திப் பாடுகிறோம். இவ்வளவு நீண்ட மரபுள்ள பெயரை எடுத்து டெக்சாஸ் நடனக்கூடத்து இசைக்குச் சூட்டினால், படிப்பவருக்கு முதலில் தோன்றுவது லாலியும் பாலும் பழமுமாகத்தான் இருக்கும்.

தூய தமிழ் வேண்டுவோர் இன்னொரு வழியைக் காட்டக்கூடும். பழந்தமிழில் ‘தூங்குதல்’ என்றால் தொங்கி அசைதல். அசையும் துதிக்கையைத் ‘தூங்குகை’ என்கிறது புறநானூறு. ஆகவே ‘தூங்கிசை’ எனலாமே என்பார்கள். ஆனால் யாப்பிலக்கணத்தில் தூங்கிசைச் செப்பல் என்று, வெண்பாவுக்குரிய செப்பலோசையின் ஒரு வகை ஏற்கெனவே உண்டு. அது போகட்டும் என்றாலும், இரவு முழுவதும் மக்களை ஆடவைத்த ஒரு குழு தூங்கிசை வாசித்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘துள்ளிசை’யும் உதவாது, வேகமாக ஒலிப்பது எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிட்டோம், ஸ்விங்கோ மெதுவாகவும் வரும்.

‘மேற்கத்திய’ என்பது இதைக் காட்டிலும் பெரிய பிழை. தமிழில் மேற்கத்திய இசை என்றால் ஐரோப்பிய மரபு. கர்நாடக இசைக்கு எதிர்நிலையில் வைத்துச் சொல்வது. இங்கே ‘வெஸ்டர்ன்’ என்பது அமெரிக்காவுக்குள்ளே இருக்கும் மேற்கு, மாடு மேய்ப்போரின் நிலம். வில்ஸ் 1905இல் டெக்சாஸின் காஸ் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தவர். தந்தையிடம் பிடில் கற்றார்; பருத்திக்காட்டில் உடன் உழைத்த கறுப்பின மக்களிடம் ப்ளூஸ் கேட்டு வளர்ந்தார். ஃபோர்ட்வொர்த்தில் ஒரு மாவு ஆலையின் விளம்பரத்துக்காக வானொலியில் வாசித்த ‘லைட் க்ரஸ்ட் டோபாய்ஸ்’ குழுவில் அவரும் பாடகர் மில்டன் பிரவுனும் இருந்தனர். பிரவுன் 1932இல் விலகித் தம் குழுவைத் தொடங்கி, இவ்விசையின் உருவை வில்ஸுக்கும் முன்பே காட்டினார்; 1936இல் கார் விபத்தை அடுத்து இறந்துபோனதால் புகழ் பெரிதும் வில்ஸைச் சேர்ந்தது. வில்ஸின் ‘டெக்சாஸ் பிளேபாய்ஸ்’ 1934இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் நிலைகொண்டது. பிடிலும் ஸ்டீல் கிதாரும் இருந்த நாட்டுப்புறக் குழுவில் டிரம்ஸையும் சாக்ஸபோனையும் டிரம்பெட்டையும் சேர்த்து, ஊர் நடனத்துக்கு ஜாஸின் நடையைக் கொடுத்ததுதான் அவர் செய்த புதுமை.

கவனிக்க வேண்டியது, அப்போது இதற்கு ‘வெஸ்டர்ன் ஸ்விங்’ என்ற பெயரே இல்லை. அது 1940களில் கலிஃபோர்னியாவில் ஸ்பேட் கூலி என்னும் மற்றொரு குழுத் தலைவருக்குச் செய்த விளம்பரத்தோடு பரவியது. அரசர் பட்டமும் முதலில் கூலிக்கே சூட்டப்பட்டது. டெக்சாஸிலிருந்தும் ஓக்லஹோமாவிலிருந்தும் போர்க்காலத் தொழிற்சாலைகளுக்கு வந்து குடியேறியவர்கள் அங்கே இதற்கு ஆடினார்கள். ஆக, பெயரின் முற்பாதி ஒரு நிலப்பரப்பைச் சுட்டுகிறது. டெக்சாஸ் மாநிலம் 2011இல் இதைத் தன் அதிகாரபூர்வ இசையாக அறிவித்ததும் அந்த உரிமையில்தான். ‘மேற்கத்திய’ என்று எழுதியதும் அந்த நிலம் மறைந்து, வியன்னாவும் லண்டனும் வந்து நிற்கின்றன.

எனவே இசைவகையின் பெயராக ‘மேற்குப்புல ஸ்விங்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வடபுலம், தென்புலம் என்று திசையோடு நிலத்தைச் சேர்த்துச் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. ‘புலம்’ வந்தவுடன் அது ஓர் இடம் என்பது விளங்கிவிடும். ஜாஸையும் ப்ளூஸையும் அப்படியே எடுத்துக்கொண்ட தமிழ், ஸ்விங்கையும் தாங்கும். தாள இயல்பை விளக்கும் இடத்தில் மட்டும் ‘அசைநடை’ எனலாம். நடை நம் இசைக்காரர்களின் சொல், அசைதல் அதன் தன்மை.

மொழிபெயர்ப்பாளர்கள் இவ்வளவு யோசிப்பார்களா என்று கேட்டால், நம்பிக்கை குறைவு. வில்ஸ் வளர்ந்ததும் முடிதிருத்தும் தொழில் செய்ததும் டெக்சாஸின் டர்க்கி என்னும் சிற்றூரில். வான்கோழிகளால் வந்த பெயர் அது. அதைத் ‘துருக்கியில் வளர்ந்தார்’ என்று பெயர்த்துவிட்டு, ஒரு துருக்கிச் சிறுவன் பருத்திக்காட்டில் ப்ளூஸ் கேட்டது எப்படி என்ற ஐயம்கூட எழாமல் அடுத்த வரிக்குப் போகிறவரிடம், ஊஞ்சலைப் பற்றி என்ன வாதிடுவது?