நிறுத்திய பிறகும் ஏன் எதுவுமே பிடிக்கவில்லை?

கொக்கைனை நிறுத்தி மூன்று வாரம் ஆனவர் அவர். வேலைக்குப் போகிறார், தூங்குகிறார். ஆனால் மகள் ஓடி வந்து மடியில் ஏறினாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை என்று, கைபேசியைத் திருப்பித் திருப்பி வைத்தபடியே சொன்னார். "நான் கல்லாயிட்டேனா டாக்டர்?"

இல்லை. நம் மூளையின் நரம்பணு ஒன்று டோபமைனை (இன்பத்தையும் நாட்டத்தையும் உணர வைக்கும் வேதிப்பொருள்) வெளியே விட்டதும், வேலை முடிந்த டோபமைனைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள அதன் சவ்விலேயே ஒரு புரதம் இருக்கிறது, டிரான்ஸ்போர்ட்டர் என்போம். இரண்டு சோடியம், ஒரு குளோரைடு அயனி துணையோடு டோபமைனை உள்ளே சேர்க்கும். கொக்கைன் செய்வது, டோபமைன் உட்கார வேண்டிய அதே இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்வது. உள்ளேயும் போகாது, வழியும் விடாது. வெளியே தேங்கிய டோபமைன் அடுத்த நரம்பணுவின் ஏற்பிகளை, அதாவது டோபமைன் தரும் செய்தியை வாங்கும் புரதங்களை, தட்டிக்கொண்டே இருக்கும், அதுதான் அந்த 'ஏற்றம்'. மெத்தாம்பெட்டமின் என்ற இன்னொரு போதைப்பொருளின் கதை வேறு: அது அந்த வாசல் வழியாகவே உள்ளே நுழைந்து, சேமிப்புப் பைகளைக் காலி செய்து, டிரான்ஸ்போர்ட்டரையே தலைகீழாக ஓட வைத்துவிடும். இரத்தத்தில் கொக்கைன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரம். மெத்தாம்பெட்டமினுக்குப் பத்து மணி நேரம்கூட ஆகும்.

பெற்றோர் சிலர் சரியாகவே மடக்குவார்கள்: "பையனுக்கு ஏடிஎச்டி (கவனக் குறைவும் மிகைத் துடிப்பும்) என்று நீங்கள் எழுதித் தந்த மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையும் இதே புரதத்தைத்தானே அடைக்கிறது?" ஆமாம், அதேதான். 1997-இல் மூளை ஆராய்ச்சியாளர் நோரா வோல்கோவின் குழுவினர் கொக்கைன் பழக்கமுள்ளவர்களின் மூளையை பெட் ஸ்கேன் என்ற படப் பரிசோதனையில் பார்த்தபோது, குறைந்தது 47% டிரான்ஸ்போர்ட்டர்கள் அடைபட்ட பிறகே அவர்களுக்குப் போதை தெரிந்தது. அந்த அளவை மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையும் எட்டலாம். ஆனால் மாத்திரை மணிக்கணக்கில் மெல்ல ஏறுகிறது, புகையாக இழுத்த கொக்கைன் நொடிகளில் ஏறுகிறது. மூளையைப் பழக்குவதில் இந்த வேகத்துக்குப் பெரும் பங்கு. அதே மாத்திரையைப் பொடித்து உறிஞ்சினால் கதையே மாறிவிடும், இதை நான் வலியுறுத்தாமல் யாரையும் அனுப்புவதில்லை.

இன்னொன்று, கொக்கைன் நார்அட்ரினலின் என்ற இன்னொரு நரம்பு வேதிப்பொருளின் டிரான்ஸ்போர்ட்டரையும் அடைக்கும், இதய இரத்தக்குழாய்களைச் சுருக்கும். இளம் வயதிலேயே மாரடைப்பு வருகிறது. எடுத்தபின் நெஞ்சு வலித்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள், அங்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அதைப் பொறுத்து மருந்தே மாறும்.

சரி, கல்லாகிவிட்டேனா என்று அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஓயாமல் தட்டு வாங்கிய மூளை டி2 என்ற வகை டோபமைன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. கொக்கைன் போன பிறகு அந்தக் குறைவு மட்டும் கொஞ்ச காலம் தங்கிவிடும், அப்போது மகளின் சிரிப்புக்கு அங்கே கேட்கும் காது குறைவு. இந்தக் கட்டத்தில்தான் பலர் "ஒரே ஒரு தடவை" என்று திரும்பிப் போகிறார்கள். திட மனசு இல்லாதவன் என்று வீட்டில் திட்டுவதால் ஒரு ஏற்பியும் கூடப்போவதில்லை. கொக்கைன் பழக்கத்துக்கென்றே ஒப்புதல் பெற்ற மாத்திரை எதுவும் கிடையாது, ஆலோசனையும் தொடர்ந்த கவனிப்பும்தான் கைவசம்.

எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டார். மாதங்கள் ஆகலாம், தேதி சொல்ல முடியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், அடுத்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டார்.