மனதில் வந்த எண்ணம் மறைத்து வைத்த ஆசை அல்ல

பிரசவமாகி இரண்டு மாதம். கத்தியைக் கையில் எடுத்தாலே 'குழந்தையைக் குத்திவிடுவேனோ' என்று ஒரு எண்ணம். அதற்குப் பயந்து கத்தி, அரிவாள்மனை எல்லாம் பரணுக்குப் போய்விடும். குளிப்பாட்டும் வேலை மாமியாருடையதாகிவிடும். இப்படித் தவிக்கும் பெண்ணிடம், நாலு காணொளி பார்த்த உறவினர் ஒருவர் சொல்வார்: "ஆழ்மனசுல இல்லாமலா வரும்? உனக்கு உள்ளுக்குள்ள இந்தக் குழந்தை மேல வெறுப்பு இருக்கு. பிராய்டே சொல்லியிருக்காரு." (பிராய்டு, பேச்சின் வழியே ஆழ்மனதை ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கிய மருத்துவர்.) மனநலச் சிகிச்சை தரும் எங்களிடம் வரும்போது அந்தப் பெண்ணுக்குத் தூக்கமும் போயிருக்கும், தான் வாழத் தகுதியானவள்தானா என்ற சந்தேகமும் வந்திருக்கும்.

சாமி படத்தைப் பார்த்ததும் கெட்ட வார்த்தை தோன்றுகிறதே என்று அழும் மாணவரும் இப்படித்தான் வருகிறார். பெற்ற மகளைப் பற்றி அருவருப்பான காட்சி வந்துபோனதால் அவளைத் தூக்கவே மறுக்கும் அப்பாவும் அப்படியே. யாரோ ஒருவர் 'ஆழ்மன விளக்கம்' சொல்லி அனுப்பிய பிறகுதான் வருகிறார்கள். நோயைவிட அந்த விளக்கத்தைப் பிடுங்கி எடுக்கத்தான் எங்களுக்கு அதிக நேரமாகிறது.

இவர்களுக்கு இருப்பது பெரும்பாலும் ஓ.சி.டி.: வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து பயமுறுத்தும், அதைத் தணிக்க எதையாவது செய்யவோ தவிர்க்கவோ வைக்கும் நோய். வேண்டாத எண்ணம் எல்லா மனிதருக்கும் வரும். 1978இல் உளவியலாளர்கள் ஸ்டான்லி ராக்மனும் இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும் எந்த மனநோயும் இல்லாதவர்களைக் கேட்டபோது, சுமார் 80 சதவீதம் பேர் இத்தகைய எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். 2008இல் வந்த ஒரு கனடிய ஆய்வில், புதிதாகப் பிரசவித்த தாய்மார்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, குழந்தைக்குத் தானே வேண்டுமென்று தீங்கு செய்வதுபோன்ற எண்ணம் வந்திருந்தது. மற்றவர்கள் 'சீ, என்ன நினைப்பு' என்று விட்டுவிடுகிறார்கள். ஓ.சி.டி. உள்ளவரால் விட முடிவதில்லை. அந்த எண்ணம் அவருக்கு ஆகாது, அவருடைய பாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் நேர் எதிரானது. அதனால்தான் அது அவரை வதைக்கிறது. ஆசை என்றால் ஏன் கத்தியைப் பரணில் ஏற்றப்போகிறார்?

இந்த இடத்தில் உடனே ஒரு பதில் வரும்: "அந்த அதீதப் பாசமே வெறுப்பை மறைக்கத்தான்." ஏற்க முடியாத உணர்வை மனம் தன்னிடமிருந்தே மறைக்கும் வழிகள் என்று பிராய்டு பேசிய தற்காப்பு முறைகளில் ஒன்றைப் பாதியாகக் கேட்டுவிட்டுச் சொல்வது இது. பாசம் காட்டினால் மறைக்கிறாள், காட்டாவிட்டால் வெறுக்கிறாள், மறுத்தால் அடக்கிவைத்திருக்கிறாள், ஒப்புக்கொண்டால் நிரூபணம். எந்தப் பதில் சொன்னாலும் குற்றவாளி என்றால் அது விசாரணைகூட இல்லை. இந்தக் குற்றச்சாட்டு பிராய்டின் மேலேயே விழுந்தது. 'டோரா' என்று அவர் பெயர் மாற்றி எழுதிய இளம்பெண்ணின் மறுப்புகளை அவர் ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் 11 வாரத்தில், 1900ஆம் ஆண்டின் கடைசி நாளில், சிகிச்சையை விட்டுப் போய்விட்டார். 1937இல் எழுதிய கட்டுரையில் பிராய்டு இதை நேரடியாகவே எடுத்துப் பேசுகிறார். நோயாளி 'ஆம்' என்பதும் 'இல்லை' என்பதும் தனியாக எதையும் நிரூபிக்காது. விளக்கத்துக்குப் பிறகு நோயாளியிடமிருந்தே புதிய நினைவுகள் எழுகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்கிறார். வரவேற்பறையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவருக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது?

இன்னும் நேரடியாக, 1910இலேயே 'காட்டுத்தனமான' உளப்பகுப்பாய்வைப் பற்றி அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பதற்றத்தோடு வந்த, மணமுறிவு ஆன ஒரு பெண்மணியிடம், எடுத்த எடுப்பில் "உடலுறவுக் குறைதான் காரணம்" என்று ஒரு இளம் மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தப் பெண்மணியின் பதற்றம் இன்னும் கூடியது. நோயாளிக்கு அவருடைய ஆழ்மனத்தைப் பற்றித் தகவல் சொல்வது, பஞ்ச காலத்தில் உணவுப் பட்டியலை விநியோகிப்பதைப் போன்றது என்றார் பிராய்டு. நோயாளி தானாகவே அந்த விஷயத்தின் அருகே வந்திருக்க வேண்டும். மருத்துவரோடு பலமான பிணைப்பு உருவாகியிருக்க வேண்டும். இந்த இரண்டும் அமையாமல் விளக்கம் சொல்லக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. முறையான உளப்பகுப்பாய்வில் வாரம் 4, 5 அமர்வு, ஒவ்வொன்றும் 45 அல்லது 50 நிமிடம், பேச்சு முழுக்க நோயாளியுடையது. பகுப்பாய்வாளராகப் பயில்பவர் முதலில் தன்னையே பகுப்பாய்வுக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டும். (நம் நாட்டில் 1922இலேயே கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இதற்கென ஒரு கழகத்தைத் தொடங்கினார், இது நமக்கு நேற்று வந்த துறை அல்ல.)

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓ.சி.டி. எண்ணங்களுக்குப் பின்னால் அடக்கப்பட்ட பகை இருக்கலாம் என்று பிராய்டு எழுதியது உண்மைதான். 'எலி மனிதன்' என்று அழைக்கப்படும் ஓ.சி.டி. நோயாளியைப் பற்றி 1909இல் அவர் வெளியிட்ட குறிப்பு அதைப் பற்றியது. ஆனால் அதே நோயாளியிடமிருந்துதான் அவர் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்: நினைத்தாலே நடந்துவிடும் என்று எண்ணத்துக்குச் சர்வ வல்லமை கொடுக்கும் மனநிலை. நினைப்பும் செயலும் ஒன்று என்ற அந்த நம்பிக்கைதான் நோயின் முதுகெலும்பு. "ஆழ்மனசுல ஆசை இருக்கு" என்று சொல்பவர் அந்த முதுகெலும்புக்குத்தான் பலம் சேர்க்கிறார். 1923இல் வந்த இட் (அடிப்படை இச்சைகள்), ஈகோ (நிஜத்தோடு சமாளிக்கும் பகுதி), சூப்பர் ஈகோ (மனசாட்சி) என்ற மாதிரியை வைத்துப் பார்த்தாலும், 'இட்' மட்டும்தான் உண்மையான நீ என்று பிராய்டு எங்கும் சொல்லவில்லை. மூன்றும் சேர்ந்ததுதான் மனிதர். செய்யாத குற்றத்துக்கும் சாட்டையடி கொடுக்கும் சூப்பர் ஈகோவைப் பற்றித்தான் அவர் பக்கம் பக்கமாகக் கவலைப்பட்டார்.

இன்றைக்கு ஓ.சி.டி.க்கு முதல் சிகிச்சை எண்ணத்தின் வேரைத் தோண்டுவது அல்ல. பயப்படும் சூழல்களை 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டுப் பட்டியலிடுவோம். 30, 40 மதிப்பெண்ணில் தொடங்குவோம்: தொட்டிலில் குழந்தை இருக்க, அதே அறையில் மேசைமேல் கத்தி. அடுத்த கட்டத்தில், குழந்தை பக்கத்தில் இருக்கும்போதே காய் நறுக்குவது. பதற்றம் ஏறும். அதைத் தணிக்கப் பிரார்த்தனை, மனதுக்குள் எண்களை எண்ணுவது, "நான் செய்யமாட்டேன்ல?" என்ற கேள்வி எதுவும் கூடாது. தினமும் செய்ய வேண்டும். 12 முதல் 20 அமர்வுகளில் பெரும்பாலோருக்கு நல்ல மாற்றம் தெரியும். மருந்து தேவைப்பட்டால், தாய்ப்பால் கொடுப்பவருக்கு செர்ட்ரலின் பெரும்பாலும் முதல் தேர்வு. முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். மூன்றாவது வாரத்தில் 'வேலை செய்யவில்லை' என்று நிறுத்தாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களே, தயவுசெய்து விளக்கம் சொல்லாதீர்கள். கனவுக்கும் சொல்லாதீர்கள், வாய்தவறி வந்த சொல்லுக்கும் சொல்லாதீர்கள். "நீ நல்லவதான்" என்று நாளுக்கு இருபது முறை சமாதானமும் வேண்டாம். அந்த ஆறுதல் பத்து நிமிடம் நிற்கும், பிறகு இருபத்தோராவது முறை கேட்கத் தூண்டும். "இது நோயோட பேச்சு, நாம டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம்" என்று ஒருமுறை சொன்னால் போதும். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, அதுவும் அவசரம். காதில் குரல் கேட்கிறது, குழந்தைக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்று உறுதியாக நம்புகிறார், நாள்கணக்கில் தூங்காமலே தெம்பாக இருக்கிறார், பேச்சு குழம்புகிறது, தீங்கு செய்யும் எண்ணத்துக்குப் பயமே இல்லை, அது சரியென்றே படுகிறது. இப்படி இருந்தால் அது ஓ.சி.டி. அல்ல. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் பிரசவத்துக்குப் பிந்தைய தீவிர மனநோயாக (postpartum psychosis) இருக்கலாம். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஓ.சி.டி. உள்ளவருக்கும் தற்கொலை எண்ணம் வந்தால் தாமதிக்கக் கூடாது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

முதல்முறை வருபவருக்கு: வாயால் சொல்லக் கூசினால், ஒரு தாளில் எழுதி மடித்துக் கொடுங்கள். எந்த எண்ணம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், அதற்குப் பயந்து எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள் என்று மூன்று வரி போதும். உள்ளர்த்தம் என்னவென்று யோசித்து எழுத வேண்டாம்.