பிரிட்டன் மாணவர் விசா: பணம் இருந்தும் தேதியில் கோட்டை விடாதீர்கள்

என்னிடம் வருகிற விசா மறுப்புக் கடிதங்களில் பணமே இல்லாதவர்கள் அபூர்வம். பணம் இருந்திருக்கும், தேதிதான் உதைத்திருக்கும். ஏஜென்ட்டிடம் கேட்டால் “ஆறு மாச ஸ்டேட்மெண்ட் எடுத்து வைங்க, பாத்துக்கலாம்” என்பார். விதியில் இருப்பது ஆறு மாதமில்லை, 28 நாள். அந்த 28 நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

தொகை முழுதும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அது முடிந்து 31 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொகை என்பது, கல்லூரி தரும் சேர்க்கை உறுதி ஆவணமான சி.ஏ.எஸ்.-இல் பாக்கி என்று காட்டியிருக்கும் முதலாண்டுக் கட்டணமும், அதிகபட்சம் 9 மாதச் செலவும். 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களுக்கு 1,171. லண்டனுக்கு வெளியே கட்டணப் பாக்கி 12,000 பவுண்டு என்றால், 10,539 சேர்த்து 22,539 காட்ட வேண்டும்.

ஜூலை 1 அன்று முழுத் தொகையும் வந்துவிட்டால் 28-ஆம் நாள் ஜூலை 28. ஸ்டேட்மெண்ட் அன்றோடு முடிந்தால் ஆகஸ்ட் 28-க்குள் விண்ணப்பித்தாக வேண்டும். விண்ணப்ப நாள் என்பது ஆன்லைனில் விசா கட்டணம் கட்டுகிற நாள், விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் கைரேகை வைக்கிற நாள் அல்ல. விளிம்பில் நிற்காதீர்கள், இரண்டு நாள் கூடவே விட்டு ஸ்டேட்மெண்ட் எடுங்கள்.

நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அப்பா கணக்கில் கச்சிதமாகத் தொகை இருந்தது. 19-ஆம் நாள் இன்சூரன்ஸ் பிரீமியம் ஆட்டோ டெபிட்டில் போனது. அடுத்த நாளே அவர் நிரப்பிவிட்டார். பயனில்லை, விசா மறுப்பு. பிரீமியம், இ.எம்.ஐ., கரண்ட் பில் எல்லாவற்றையும் வேறு கணக்குக்கு மாற்றிவிட்டுத்தான் எண்ணவே தொடங்க வேண்டும். கல்லூரிக்கு முன்பணம் கட்டுவதாக இருந்தாலும் 28 நாளுக்கு முன்பே கட்டி, சி.ஏ.எஸ்.-இல் ஏற்றச் சொல்லுங்கள். பவுண்டு மதிப்பை விண்ணப்பிக்கும் நாளில் ஒவாண்டா என்ற நாணய மாற்றுத் தளம் காட்டும் விலையில்தான் கணக்கிடுகிறார்கள். ரூபாய் சரிந்தால் பற்றாக்குறை உங்கள் தலையில். ஐந்து சதவீதமாவது கூட வையுங்கள்.

யார் பணம் என்பதில் அடுத்த பொறி. சொந்தக் கணக்கு, பெற்றோர் கணக்கு செல்லும். கணவன் அல்லது மனைவி கணக்கு, அவரும் விசாவுக்கு விண்ணப்பித்தால் அல்லது பிரிட்டனில் தங்கும் அனுமதி பெற்றிருந்தால் மட்டும் செல்லும். அண்ணன், சித்தப்பா, தாய்மாமா கணக்கு செல்லாது, எவ்வளவு பாசமாக எழுதிக் கொடுத்தாலும். மாமா உதவுகிறார் என்றால் பணம் உங்கள் கணக்குக்கு வந்த பிறகுதான் நாள் எண்ண முடியும்.

வங்கியில் “பேலன்ஸ் சர்டிபிகேட் தரேன், அதுவே போதும்” என்று அனுப்பிவிடப் பார்ப்பார்கள். ஒரு நாள் இருப்பை மட்டும் சொல்லும் காகிதம் போதாது. 28 நாளும் தெரிய வேண்டும். ஆடிட்டர் சான்று, நகை மதிப்பீடு, தாலுகா ஆபீஸ் வாசலில் தவம் கிடந்து வாங்கும் சொத்து மதிப்புச் சான்று, பங்குகள் எதுவும் கணக்கில் வராது. இதற்கெல்லாம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு அலையவிடுகிறவர்களுக்கு இது தெரியாமலில்லை. உடனே உடைத்து எடுக்க முடிகிற எஃப்.டி. செல்லும், அதற்கும் 28 நாள் ஆகியிருக்க வேண்டும்.

கல்விக் கடனுக்கு 28 நாள் கிடையாது. கடிதம் ஆறு மாதத்துக்குள் தேதியிட்டிருந்தால் போதும். ஆனால் கடன் மாணவர் பெயரில் இருக்க வேண்டும். அப்பா பெயரில் மட்டும் எடுத்தது உதவாது. “அடமானப் பத்திரப் பதிவு முடிந்த பின் பணம் விடுவிக்கப்படும்” மாதிரி ஒரு வரி கடிதத்தில் இருந்தால் அதோடு விண்ணப்பிக்காதீர்கள். விசா கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை இருக்கக் கூடாது. இன்னொன்று, வெளிநாட்டுப் படிப்புக்கு வங்கிகள் பொதுவாக 15 சதவீதம் மார்ஜின், அதாவது உங்கள் கைப்பணப் பங்கு, கேட்கும். அது கடன் கடிதத்தில் வராது. அந்தப் பங்கை நீங்கள் கணக்கில் காட்ட வேண்டும், அதற்கு 28 நாள் உண்டு. கடன் வந்துவிட்டதே என்று இதை மறப்பவர்கள் நிறைய.

ஒரு மாதத்துக்கு வட்டிக்குப் பணம் போட்டுக் காட்டித் தருகிறேன் என்கிற புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஏமாற்று என்று முடிவானால் 10 ஆண்டுத் தடை வரலாம். அவருக்கு வட்டி, உங்களுக்குத் தடை.

பெற்றோர் பணம் என்றால் அவர்கள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் உங்கள் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். நம்மூர்ச் சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தை பெயரே இருக்காது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, வங்கியில் இனிஷியலோடு வேறு மாதிரி இருக்கும். நகராட்சியில் பெயர் சேர்க்கப் போனால் “அடுத்த வாரம் வாங்க” என்பார்கள். அதற்குள் 31 நாள் கரைந்துவிடும். அதனால் சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகு பணத்தைப் போடுங்கள்.