ஊர்க்காரர் எப்போது படைவீரர் ஆகிறார்?

பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் நடந்த போரில், 1870 செப்டம்பரில் செடானில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் சரணடைந்த பிறகு ஜெர்மானியருக்குப் பெரிய தலைவலியானவர்கள், ‘ஃப்ராங்-தீரர்’ எனப்பட்ட பிரெஞ்சுத் தன்னார்வத் துப்பாக்கிக்காரர்கள். தனியே வரும் குதிரைவீரரைச் சுடுவார்கள், தண்டவாளத்தைப் பெயர்ப்பார்கள். 1871 ஜனவரி 22 அன்று மோசெல் ஆற்றின்மேல் ஃபோந்தெனுவா ரயில் பாலத்தைத் தகர்த்தார்கள். ஜெர்மானியர் பதிலுக்கு அந்த ஊரையே கொளுத்தினார்கள்.

படைவீரர் எதிரியைக் கொன்றால் அது கொலைக்குற்றம் ஆகாது. பிடிபட்டால் போர்க்கைதி, அவ்வளவுதான். அதே செயலை ஓர் ஊர்க்காரர் செய்தால் கொலைகாரர். ஃப்ராங்-தீரர்கள் எந்தப் பக்கம்? படையைச் சேர்ந்தவர் என்பதற்கு ஆவணமும், துப்பாக்கி எட்டும் தூரத்திலேயே தெரியும் சீருடையும் இல்லாவிட்டால் மரணம்தான் என்றது ஜெர்மானியப் படைகளுக்குத் தலைமை தாங்கிய பிரஷ்யா. இதே பிரஷ்யாவின் மன்னர்தான் 1813-இல், முதலாம் நெப்போலியனை எதிர்க்கக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், சீருடை வேண்டாம், அது உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஆணையிட்டவர்! தனக்கு வந்தால்தானே தெரியும்.

போர்விதிகளை வகுக்க 1874-இல் பிரஸ்ஸல்ஸிலும் 1899-இல் ஹேக்கிலும் நாடுகள் கூடிய மாநாடுகளில் இதே வழக்குதான். பெரிய படை வைத்திருந்த ஜெர்மனியும் ரஷ்யாவும் விதியை இறுக்கப் பார்த்தன. மக்களை நம்பியே தற்காக்க வேண்டிய பெல்ஜியம் போன்ற சிறுநாடுகள் மறுத்தன. கடைசியில் தன்னார்வப் படைகளுக்கு நான்கு நிபந்தனைகள் வந்தன: பொறுப்பான தலைவர், தூரத்திலிருந்தே தெரியும் நிலையான அடையாளம், வெளிப்படையாக ஏந்திய ஆயுதம், போர்விதிகளுக்குக் கட்டுப்படுதல். எதிரி நெருங்கும்போது அணிதிரள நேரமின்றித் தாமாகவே ஆயுதம் எடுக்கும் மக்களுக்கு மட்டும் முதல் மூன்றும் தேவையில்லை; 1907-இல் மூன்றாவது அவர்களுக்கும் கட்டாயமானது. ஆனால் அந்த ஊர் எதிரியின் பிடிக்குள் போய்விட்டால் சலுகையும் போய்விடும். திங்கட்கிழமை போராளி, ஊர் விழுந்த செவ்வாய்க்கிழமை குற்றவாளி.

1914-இல் பெல்ஜியத்துக்குள் நுழைந்த ஜெர்மானியப் படையினரின் மனதில் 1870-இன் பயம் அப்படியே இருந்தது. எங்கிருந்தோ குண்டு பாய்ந்தால், பல நேரம் அது தம் படையினர் சுட்டதாகவே இருந்தாலும், ஊர்க்காரர்கள் சுட்டதாக நம்பினார்கள். ஆகஸ்டில் டினான் நகரில் மட்டும் 674 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள்.

ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணில் போராடும் இயக்கத்தினரும் போர்க்கைதிகளாகலாம் என்று வெளிப்படையாக எழுதியது 1949-இன் ஜெனீவா உடன்படிக்கை. நான்கு நிபந்தனைகளை அது கைவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் பிடித்திருந்த பாரிஸ் தெருவில் கோட்டுக்குள் கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு நடந்த எதிர்ப்பு இயக்கத்தவர், அந்த உடன்படிக்கை முன்பே இருந்திருந்தாலும் தப்பியிருக்க மாட்டார்.