"செயற்கைக்கோள் ஈரம் காட்டுகிறது" என்று திருப்பி அனுப்பினால்

வாழப்பாடிப் பக்கம் ஒரு விவசாயிக்கு மானாவாரி மக்காச்சோளம் முழுக்கக் கருகிவிட்டது. நிவாரணம் கேட்டுப் போனவரிடம், "செயற்கைக்கோள் படத்தில் உங்கள் பகுதியில் ஈரம் இருக்கிறதே" என்றார்கள். அவரும் பேசாமல் திரும்பிவிட்டார். நீங்கள் அப்படித் திரும்பாதீர்கள்.

மண்ணிலிருந்து வரும் நுண்ணலை ஈரத்துக்கு ஏற்ப மாறும். அதை வைத்து, மேகம் மூடியிருந்தாலும் ஈரத்தைக் கணக்கிடலாம். ஆனால், உதாரணத்துக்கு, 2015-இல் நாசா ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள் அளப்பது மேலே சுமார் 5 செ.மீ. மண்ணைத்தான். முந்தின நாள் தூறியிருந்தாலே அது ஈரமாகிவிடும். வேர் நிற்கும் ஆழத்தில் ஈரம் இல்லாமலே இருக்கலாம். அதன் ஒரு கட்டம் 36 கி.மீ.; சேர்வராயன் மலையின் காபித் தோட்டமும் அடிவாரத்து மேட்டுக்காடும் ஒரே கணக்கில் வந்துவிடலாம்.

வறட்சியை அறிவிக்க மத்திய அரசு வெளியிட்ட 2016-ஆம் ஆண்டு வறட்சிக் கையேட்டில் மண் ஈரம் பல அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. முதலில் பார்ப்பது மழைக்குறைவை. கடைசியில் தேர்ந்தெடுத்த சில ஊர்களுக்கு வந்து கள ஆய்வும் செய்ய வேண்டும். "எங்கள் பகுதியில் கள ஆய்வு நடந்ததா?" என்று எழுத்தில் கேளுங்கள்.

அரசு வறட்சி அறிவித்தால், பயிர் 33 சதவீதமாவது சேதமான மானாவாரிக் காட்டுக்குப் 2022-26 காலத்துப் பேரிடர் நிதி விதிப்படி ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், அதுவும் 2 ஹெக்டேர் வரை. பயிர்க் காப்பீடு வேறு. இரண்டையும் குழப்பித்தான் அலைய விடுகிறார்கள்.

காப்பீட்டில் "72 மணி நேரத்துக்குள் சொல்லவில்லையே" என்று மறுத்தால் நம்பாதீர்கள். அந்தக் கெடு ஆலங்கட்டி மழை, வெள்ளம் சூழ்தல் போன்றவற்றுக்கு. வறட்சி இழப்பை ஊர் அல்லது குறுவட்ட அளவில் சில வயல்களில் அறுத்து அளக்கும் அறுவடைச் சோதனை விளைச்சலை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

பலர் மாட்டிக்கொள்வது, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கலில். மக்காச்சோளத்துக்குப் பிரீமியம் கட்டியிருப்பார்கள், அடங்கலில் போன போகத்து மரவள்ளியே நிற்கும். விதைத்தவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், பயிர்ப் பெயர், சர்வே எண், பரப்பு மூன்றையும் உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். வாய்ப்பேச்சுக் குத்தகை என்றால் பணம் பட்டாதாரர் கணக்குக்குப் போய்விடும் ஆபத்து உண்டு; குத்தகையை இப்போதே எழுதி வாங்குங்கள்.

சரி, பதிலே வரவில்லையா? திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். அதிகாரிகள் வந்து பார்க்கும் வரை கருகிய பயிரை உழுதுவிடாதீர்கள். காத்திருக்க முடியாவிட்டால், உழுவதற்கு முன் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.