எலூட்ரியேஷன்: எதிரோட்ட அரித்தல்

மண், தாதுத்தூள், இரத்த அணு என எதுவானாலும், மேலேறும் ஓட்டத்தில் விட்டு நுண்துகள்களை அளவுவாரியாகப் பிரிக்கும் முறை எலூட்ரியேஷன். ஏறத்தாழ 40 மைக்ரோமீட்டருக்குக் கீழே போனால் சல்லடைக் கண்கள் அடைத்துக்கொள்ளும். அங்கேதான் இதற்கு வேலை.

சொல்லின் வேர் லத்தீன். 'எலூட்ரியாரே' என்றால் கழுவி வெளியேற்றுதல். கலவையின் கூறுகளைப் பிரிக்கும் குரோமட்டோகிராபி முறையில் வரும் 'இலியூஷன்' இதன் உடன்பிறப்பு. ஆனால் இரண்டையும் குழப்பிவிடக் கூடாது. அங்கே ஒட்டியிருக்கும் பொருளைக் கரைப்பான் பெயர்த்துக்கொண்டு போகிறது. இங்கே எதுவும் கரைவதில்லை, ஓட்டம் துகளைத் தூக்கிச் செல்கிறது, அவ்வளவுதான்.

செங்குத்தான குழாயின் அடியிலிருந்து சீரான வேகத்தில் நீர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீர் ஏறும் வேகத்தைவிட மெதுவாக விழும் துகள் மேலே போய் வெளியேறும், வேகமாக விழுவது அடியில் தங்கும். இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851இல் தந்த விதிப்படி, நுண்துகள் விழும் வேகம் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸ் நீரில் 10 மைக்ரோமீட்டர் குவார்ட்ஸ் துகள் நொடிக்குச் சுமார் 0.09 மில்லிமீட்டர் இறங்கும். 20 மைக்ரோமீட்டர் துகளோ 0.36. ஆக, நீரின் வேகத்தை 0.09இல் நிறுத்தினால் பிரிகோடு, அதாவது மேலே போவதையும் அடியில் தங்குவதையும் பிரிக்கும் அளவு, 10 மைக்ரோமீட்டரில் விழும். ஓட்டமே அளவுகோல் ஆகிவிடுகிறது, இந்த முறையின் அழகே இதுதான். ஒன்றைவிட ஒன்று அகலமான குழாய்களை வரிசையாகக் கோத்தால் ஓட்டம் படிப்படியாகத் தளரும், ஒரே ஓட்டத்தில் பல பங்குகள் கிடைக்கும்.

பிரிகோடு கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது. குழாயின் நடுவில் நீர் விரைவு, சுவரோரம் மந்தம். தட்டையான மைக்காத் துகள் மெதுவாக விழுவதால் சிறியவற்றோடு சேர்ந்துகொள்ளும். அதனால் இதில் கிடைப்பதை 'ஸ்டோக்ஸ் விட்டம்', அதாவது அதே வேகத்தில் விழும் அதே பொருளாலான உருண்டையின் விட்டம், என்று சொல்வதே நேர்மை.

நீர்தான் வேண்டும் என்பதில்லை. பருத்தி ஆலைத் தூசியை அளக்கும் செங்குத்துக் கருவி நிமிடத்துக்கு 7.4 லிட்டர் காற்றை மேலே இழுக்கும். சுமார் 15 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட தூசி மட்டும் வடிதாளை எட்டும். புவியீர்ப்பும் கட்டாயமில்லை. 1948இல் லிண்டால் என்பவர் மையவிலக்கு விசைக்கு எதிராக நீர்மத்தை ஓட்டும் முறையை முன்வைத்தார். இன்று வெள்ளணுக்களில் மோனோசைட்டுகளைத் தனியே எடுக்க இது கைகொடுக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கழுவிப் பிரித்தல்' என்றால் காற்றுக்குப் பொருந்தாது. 'மேலோட்டப் பிரிப்பு' என்றாலோ ஆழமில்லாத பிரிப்பு என்றாகிவிடும். அரிசியை நீரில் அலசிக் கல் தங்க எடுப்பதை 'அரித்தல்' என்கிறோம். பொற்கொல்லர் பட்டறை மண்ணிலிருந்து பொன் எடுப்பதும் அரித்தல்தான். துகள் விழும் திசைக்கு எதிராக ஓட்டம் என்பதையும் சேர்த்து 'எதிரோட்ட அரித்தல்' என்பதே என் தேர்வு. 'அரிப்பு' என்று சுருக்க வேண்டாம், மண் அரிப்பும் தோல் அரிப்பும் குறுக்கே வரும். கருவியை 'அரிகலன்' எனலாம். மேலே போவது ஏறுபங்கு, அடியில் தங்குவது படிபங்கு.