மண்டையக அழுத்தம்: டயாலிசிஸ் அறையில் ‘மூளை பிரஷர்’ என்பது எது?

பெங்களூரு டயாலிசிஸ் மையங்களில் நம்மவர்கள் “மூளை பிரஷர்” என்று சொன்னால், பாதிப் பேர் மனத்தில் இருப்பது பிபி தலைக்கு ஏறுவதுதான். மெஷினில் போட்டு இரண்டு மணி நேரம் ஆனதும் தலை வலிக்கிறது, குமட்டுகிறது. கைப்பட்டையோ 90/50 காட்டுகிறது. “பிரஷர் இறங்கிப் போயிருக்கே, அப்புறம் எப்படி மூளையில பிரஷர்?” என்று கூட வந்தவர் கேட்பது நியாயமான கேள்வி. இவை இரண்டும் வேறு வேறு அழுத்தங்கள். பிபி என்பது தமனிக்குள் ஓடும் ரத்தத்தின் அழுத்தம். மற்றது மூடிய மண்டையோட்டுக்குள் மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் அழுத்தம். மருத்துவர்கள் இன்ட்ராக்ரேனியல் பிரஷர், சுருக்கமாக ஐசிபி என்கிறார்கள். தமிழில் மண்டையக அழுத்தம்.

இன்ட்ரா என்பது லத்தீனில் ‘உள்ளே’. க்ரேனியம் கிரேக்கத்தின் க்ரானியோன், அதாவது மண்டையோடு. ஆக மூலச் சொல்லில் மூளையே இல்லை, அது இருக்கும் அறைதான் இருக்கிறது. அதனால்தான் ‘மூளை அழுத்தம்’ பொருந்தாது. போதாக்குறைக்கு ‘மன அழுத்தம்’ என்பதோடும் குழம்பும். ‘கபால உள் அழுத்தம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு, தவறில்லை. ஆனால் மண்டை என்ற சொல்லுக்கு ஒரு கூடுதல் தகுதி இருக்கிறது: சங்கப் பாடல்களில் பாணர் உண்ணும் கலத்துக்கும் அதுதான் பெயர். கலமும் அதன் அகமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. கன்னடத்தில் அழுத்தத்தை ‘ஒத்தட’ என்பார்கள். நர்ஸ் வாயில் அதைக் கேட்டுவிட்டு வெந்நீர் ஒத்தடம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அறை என்பது ஏன் முக்கியம்? பெரியவர் மண்டைக்குள் ஏறக்குறைய 1400 மி.லி. மூளை, 150 மி.லி. ரத்தம், 150 மி.லி. தண்டுவட நீர். எலும்பு விரியாது. ஒன்று கூடினால் மற்றொன்று வெளியேறி இடம் விட வேண்டும். விட இடமில்லாதபோது அழுத்தம் சட்டென்று செங்குத்தாக ஏறும். எடின்பரோவின் மன்ரோ 1783-இலும், கெல்லி 1824-இலும் சொன்ன கருத்து இது. இன்றும் மன்ரோ–கெல்லி கோட்பாடு என்றே வழங்குகிறது. படுத்திருக்கும் பெரியவருக்கு இயல்பான அளவு 7 முதல் 15 மி.மீ. பாதரசம். 20–22-ஐத் தாண்டி நின்றால் சிகிச்சை தேவை.

இனி அந்த 90/50-க்கு வருவோம். மூளைக்கு ரத்தத்தைத் தள்ளும் விசை, சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து மண்டையக அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது. 90/50-இன் சராசரி சுமார் 63. உள்ளே 20 இருந்தால் மிஞ்சுவது 43. மூளைக் காயம் உள்ளவருக்கு 60-க்குக் குறையாமல் வைத்திருக்கவே பாடுபடுவார்கள். பிபி இறங்குவதும் உள்ளழுத்தம் ஏறுவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம், அதுவே மோசமான கூட்டு.

சரி, டயாலிசிஸ் ஏன் மண்டையக அழுத்தத்தை ஏற்றுகிறது? கிரேக்கத்தில் டயா ‘ஊடே’, லிசிஸ் ‘அவிழ்த்தல்’. சவ்வின் வழியே கரைபொருளைப் பிரிப்பதற்கு இந்தச் சொல்லை 1861-இல் சூட்டியவர் ஸ்காட்லாந்து வேதியியலர் தாமஸ் கிரஹாம். பாடநூல்களின் ‘கூழ்மப்பிரிப்பு’ ஆய்வுக்கூடத்துக்குச் சரி. ‘ரத்தச் சுத்திகரிப்பு’ செய்தித்தாளுக்குச் சரி. ‘ரத்தம் மாத்துறாங்க’ என்பது மட்டும் வேண்டாம், ரத்தம் ஏற்றுவதோடு குழப்பும். டயாலிசிஸ் என்றே சொல்லலாம்; தமிழில் ஊன்றிவிட்ட சொல்.

டயாலிசிஸில் யூரியா என்னும் கழிவு ரத்தத்திலிருந்து வேகமாக வெளியேறும். மூளையிலிருந்து மெதுவாகத்தான் வரும். டெசிலிட்டருக்கு (100 மி.லி.) 300 மி.கி. இருந்த பிளட் யூரியாவை நான்கு மணி நேரத்தில் 90-க்கு இறக்கினால், லிட்டருக்கு 35 மில்லிமோல் கரைபொருள் ரத்தத்தில் குறைந்துவிட்டது. மூளைக்குள் அந்த அளவு இன்னும் குறையவில்லை. நீர் எப்போதும் கரைபொருள் அதிகமுள்ள பக்கம் போகும், மூளை வீங்கும். இதோடு, டயாலிசிஸ் திரவத்திலிருந்து ரத்தத்துக்கு பைகார்பனேட் என்னும் காரப்பொருள் வேகமாக ஏறும்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு மூளைக்குள் எளிதில் புகுந்து அங்கே அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. இந்தச் சிக்கலுக்குப் பெயர் டயாலிசிஸ் டிஸ்ஈக்விலிப்ரியம். லத்தீனில் ஏக்வுஸ் ‘சமம்’, லிப்ரா ‘தராசு’. ‘சமனிலைக் குலைவு’ என்பது நேரான தமிழ். குலைவது உடம்பின் தள்ளாட்டம் அல்ல, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான கரைபொருள் சமன்.

யாருக்கு வரும்? முதல் டயாலிசிஸ் போடுபவர், குழந்தைகள், முதியவர், ஏற்கெனவே பக்கவாதமோ தலைக்காயமோ உள்ளவர், யூரியா மிக அதிகம் உள்ளவர். இங்கே ஓர் எச்சரிக்கை. ஆங்கில நூல்களில் 175-க்கு மேல் ஆபத்து என்று பார்த்தால் அது யூரியா நைட்ரஜன், அதாவது யூரியாவிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டும். நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் முழு யூரியாவைத் தருகின்றன, 2.14-ஆல் பெருக்க, அது 375 ஆகும். பொங்கலுக்குக் கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கம் போய் இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு வருபவரும் இந்தப் பட்டியலில் சேர்வார். “விட்டதுக்கும் சேர்த்து அஞ்சு மணி நேரமா போட்டுடுங்க” என்று டெக்னீஷியனிடம் கேட்பது நேர் எதிரான யோசனை.

தடுக்கும் வழி மெதுவாகப் போவதுதான். முதல் முறை 2 மணி நேரம், ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 150–200 மி.லி., சிறிய டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் குழல்). யூரியா 30–40 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. 300 இருந்தால் 180–210-இல் நிறுத்தலாம். அடுத்தடுத்த நாட்களில் நேரத்தையும் ஓட்டத்தையும் கூட்டுவார்கள். தலைவலியோடு வாந்தி, அமைதியின்மை, பார்வை மங்கல், பேச்சுக் குழறல் தெரிந்தால் பம்பு வேகத்தைக் குறைக்க வேண்டும். வலிப்பு வந்தாலோ நினைவு தப்பினாலோ நிறுத்தியே ஆக வேண்டும். சர்க்கரையும் பிபியும் உடனே பார்ப்பார்கள். மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்தைத் தரும்போது ஒன்றை மறக்கக் கூடாது: சிறுநீர் போகாதவர் உடம்பில் அது தேங்கும், திரும்பத் திரும்பத் தர முடியாது. தலைவலி எல்லாமே சமனிலைக் குலைவு என்றும் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து வாங்குபவருக்கு மூளையுறைக்கு அடியில் ரத்தக்கசிவு ஏற்படலாம். புதிதாக வலிப்போ ஒரு பக்கப் பலவீனமோ வந்தால் சிடி ஸ்கேன் எடுக்காமல் முடிவு கட்டக் கூடாது. காலையும் மாலையும் ஃபில்டர் காபி குடிப்பவருக்கு, டயாலிசிஸில் காஃபீன் வெளியேறியே தலை இடிக்கலாம். அது சில்லறைத் தொல்லை.

அளப்பதில் துல்லியமானது, மண்டையில் துளையிட்டு மூளை அறைக்குள் குழாய் வைப்பது. காது மடலுக்கு முன்னுள்ள குருத்தெலும்பின் மட்டத்தில் பூஜ்யம் வைப்பார்கள். கட்டிலை உயர்த்திவிட்டுப் பூஜ்யத்தை மாற்றாவிட்டால் எண் பொய் சொல்லும். சிறுநீரகம் செயலிழந்தவரின் தட்டணுக்கள் சரியாக ஒட்டாது, ரத்தம் கசியும். ஆகவே தலைவலிக்காக யாரும் துளை போட மாட்டார்கள். மூளையில் ரத்தக்கசிவோ பெருங்காயமோ உள்ளவருக்கே அது.

மற்றவர்களுக்கு வெளியிலிருந்து பார்க்கலாம். மூடிய இமை மேல் நிறைய ஜெல் தடவி, கண்ணை அழுத்தாமல் அல்ட்ராசவுண்ட் வைத்து, விழிக்கு 3 மி.மீ. பின்னால் பார்வை நரம்பு உறையின் அகலத்தை அளப்பார்கள். 5 மி.மீ.க்கு மேல் என்றால் சந்தேகம். வெட்டெல்லை மையத்துக்கு மையம் மாறும். அதே ஆளுக்கு டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுவதே நம்பகமானது. பொட்டுப் பக்கம் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் வைத்து ரத்தத் துடிப்பைக் கேட்பது இன்னொரு வழி. சிலருக்கு அங்கே எலும்பு தடித்திருக்கும், ஒலி நுழையாது. பிரேசில் இயற்பியலர் செர்ஜியோ மாஸ்கரெஞ்ஞாஸ் தொடங்கிவைத்த முறையில் தலையைச் சுற்றிய பட்டையிலுள்ள உணரி, ஒவ்வொரு துடிப்புக்கும் எலும்பு நுண்ணளவில் அசைவதைப் பதிவு செய்கிறது. மி.மீ. பாதரசக் கணக்கு வராது, அலையின் வடிவம்தான் வரும். ஒவ்வொரு துடிப்பலையிலும் உள்ள மூன்று முகடுகளில் முதலாவது உயரமாக இருப்பது இயல்பு. இரண்டாவது அதைத் தாண்டினால் உள்ளே விட்டுக்கொடுக்க இடம் குறைந்துவிட்டது என்று பொருள்.

மூளையில் ரத்தக்கசிவோடு டயாலிசிஸும் தேவைப்படுபவருக்கு ஏற்பாடே வேறு. 24 மணி நேரமும் மெதுவாக ஓடும் முறை, ஹெப்பாரின் இல்லாமல், தலைப்பக்கம் 30 பாகை உயர்த்தி, பிபி சரியாமல். இப்படி ஒருவரை நிம்ஹான்ஸ் போன்ற நரம்பியல் மருத்துவமனைக்குக் கொண்டு போகும்போது கேஸ்ஷீட்டோடு நான்கு விவரம் கையில் இருக்கட்டும்: கடைசி டயாலிசிஸ் எப்போது முடிந்தது, ஹெப்பாரின் கொடுத்தார்களா, முன்பின் யூரியா எவ்வளவு, எத்தனை லிட்டர் நீர் எடுத்தார்கள்.